சைலன்சருக்குப் போன நாலு மார்க்

நடுவர் ஐயா அவர்களுக்கு,

சைலன்சர் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. அது கம்பெனி சைலன்சர் இல்லை. ஒரு புல்வெட்டும் இயந்திரத்திலிருந்து கழற்றி, வளைத்து, கறுப்புப் பூசி மாட்டியது. யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். நீங்கள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. தள்ளி நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே "இது வேறயாச்சே" என்றீர்கள். அவமானமாக இருந்தாலும், உங்கள்மேல் எனக்கு மரியாதை கூடிப்போயிற்று.

பழைய வண்டிக் கண்காட்சியில் எனக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. சைலன்சருக்கு நாலு கழிவு. "முந்தைய உரிமையாளர்" என்ற கட்டத்தில் "தெரியாது" என்று எழுதியதற்கு நாலு கழிவு. முதல் பரிசு ஒரு பல் டாக்டரின் மொபெட்டுக்குப் போயிற்று. அந்த மொபெட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. கண்ணாடி போல மின்னியது, அவ்வளவுதான். பதினைந்து நாளுக்குள் எழுத்தில் விளக்கம் கொடுத்தால் மார்க்கை மறுபடி பார்ப்பதாக உங்கள் விதிப்புத்தகம் சொல்கிறது. இது பன்னிரண்டாம் நாள்.

நான் குடிநீர் வாரியத்தில் குழாய்ப் பாதை மேற்பார்வையாளன். பேர்தான் பெரிசு, வேலை என்னவோ நடப்பது. மலை அணையிலிருந்து ஊர்த் தொட்டி வரைக்கும் பதினோரு கிலோமீட்டர் இரும்புக் குழாய். வாரத்துக்கு ஒரு நாள் அதன் ஓரமாகவே நடந்து, கசிவு உண்டா, வால்வு சரியா என்று பார்த்து, பதிவேட்டில் "நடந்து பார்த்தேன், குறை ஒன்றுமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்தொரு வருஷமாக என்னுடைய நாள் செவ்வாய்க்கிழமை.

நாலு வருஷத்துக்கு முந்தைய கோடையில் புதரெல்லாம் காய்ந்து சருகாகிக் கிடந்தது. கசிந்த தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கச் சரிவில் இறங்கினேன். கீழே ஒரு பாறை குடை பிடித்த மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் ஒரு ஹேண்டில்பார் தெரிந்தது.

வேறு எவனாயிருந்தாலும் துருப்பிடித்த இரும்பு என்று போயிருப்பான். நான் அங்கேயே மண்டிபோட்டு உட்கார்ந்து மண்ணைத் துடைத்துப் பார்த்தேன். ஸ்பிரிங் இல்லாத முன்பக்க ஃபோர்க். பானை வயிறு போன்ற இரண்டு டயர். பின் சக்கரத்தில் இரண்டு பல்சக்கரம். சமதரைக்கு ஒன்று, மேட்டுக்கு ஒன்று, இறங்கிக் கையால் செயினை மாற்றிப் போட வேண்டும். கால் பலகையில் ஏழு துளை. ஐந்து துளை என்றால் பிற்காலத்து வண்டி, நிறைய உண்டு. ஏழு துளை என்றால் முதல் வருஷத்தது. காட்டிலும் மேட்டிலும் ஓடுவதற்கென்றே ஒரு சின்னக் கம்பெனி செய்து, மூன்றே வருஷத்தில் கடையை மூடிய ஸ்கூட்டர். பெண் பார்க்கப் போனபோதுகூட எனக்கு இப்படி உடம்பு சிலிர்க்கவில்லை. இதை என் மனைவியிடமே சொல்லியிருக்கிறேன். "அது தெரிஞ்சதுதானே" என்றாள்.

வண்டியை மேலே கொண்டுவர இரண்டு நாள் ஆயிற்று. பின் சக்கரத்தை விடுவிப்பதில் ஒரு சின்ன இடைஞ்சல். அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சைலன்சரைப் பற்றிச் சொல்ல வேறு வழியில்லை.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். அப்பா அம்மா போன பிறகு என்னைப் படிக்கவைத்து, வேலைக்கு மனுப்போட்டு, என் கல்யாணத்தையும் நடத்திவைத்தவள். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க ஊர்க்காரர்களை உட்காரவைத்து, "இந்த எழுத்து தெரியுதா, இது?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். இன்றும் எங்களோடுதான் இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒருத்தர் அவளைப் பார்க்க வருவார். மலையில் நிலம் அளக்கும் சர்வேயர். அவருடைய வண்டி அப்படி ஒரு ஸ்கூட்டர். அந்தக் கம்பெனி சைலன்சரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலு அடிக்கு ஒரு இருமல். டப் டப் டப் டப், க்ஹும். தெரு முனையில் அந்த இருமல் கேட்டதும் அக்கா கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு, முன்நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டே வாசல் கேட்டுக்கு ஓடுவாள். ஓடவே இல்லை என்கிற மாதிரி அங்கே நிற்பாள். நான் இன்னொரு கதவு வழியாக வண்டியைப் பார்க்க ஓடுவேன். ஒரு முறை ஓட்டக் கேட்டேன். "கல்யாணம் ஆகட்டும் மச்சான், வண்டியே உனக்குத்தான்" என்றார். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். உரிமை மாற்றம் வாய்வழியாக நடந்திருக்கிறது.

கடைசியாக வந்த அன்று அக்கா அவரைச் சீண்டினாள். "இந்த இருமல்காரனையும் சேர்த்து என்னால குடும்பம் நடத்த முடியாது. அவனை எங்கேயாவது தள்ளிவிட்டுட்டு வாங்க, கல்யாணம் பேசலாம்" என்றாள். விளையாட்டுக்குத்தான். அவர் சிரித்தார், ஆனால் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பிவிட்டார். பிறகு வரவில்லை. விசாரித்தால், குடியிருந்த அறையைக் காலி செய்து, சாமான்களையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டாராம். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஓடிவிட்டார் என்று ஊர் முடிவுகட்டியது.

அக்கா அழவில்லை. சில வருஷம் கழித்து, சட்டையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே என்னிடம் சொன்னாள்: "வேற யாரையாவது கட்டிக்கிட்டு நல்லா இருந்தா சரிதான்டா. அந்த ஒரு வார்த்தைக்காகவா போனாருன்னு மட்டும் தெரிஞ்சா போதும். நான் தூங்கிடுவேன்."

இடைஞ்சல் என்றேனே, அது அவர்தான். பின் சக்கரத்துக்கு அடியில் இருந்தார். அதற்குள் பதினைந்து வருஷம் ஆகிவிட்டதாலோ என்னவோ, வண்டியை உடனே அடையாளம் கண்ட எனக்கு அவரை அடையாளம் காண அரை மணி ஆயிற்று. பெல்ட் பக்கிள், ஒரு பூட்ஸ், அளவைச் சங்கிலி, மீதி. நான் அவரை மரியாதையாகத்தான் நகர்த்தினேன். பாறைக்கு உள்பக்கமாக வைத்து, மேலே கல் அடுக்கினேன். நல்ல கல்லாகப் பார்த்து அடுக்கினேன். எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்ய வராது.

வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். சொன்னால் போலீஸ் வரும். வண்டி ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் சாட்சிப் பொருளாகக் கிடக்கும். அப்படிக் கிடந்து மண்ணாய்ப்போன வண்டிகளை நாம் இருவருமே பார்த்திருக்கிறோம். ஏழு துளை வண்டி ஐயா. தவிர, அக்காவின் மனசையும் பார்க்க வேண்டும் அல்லவா?

மூன்றரை வருஷம் வேலை செய்தேன். துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, வெங்காயத்தோல் உரிக்கிற மாதிரி உரித்தேன். பள்ளத்தைப் பட்டி பூசி மறைக்கவில்லை, நெளிந்த தகட்டை உள்ளிருந்து தட்டித் தட்டியே நிமிர்த்தினேன். பச்சை நிறம் சரியாக அமைய பதினான்கு முறை கலக்கினேன். மனைவி வண்டிக்கு வைத்த பேர் சின்ன வீடு. "என்ன, சின்ன வீட்டுக்குக் குளிப்பாட்டி முடிஞ்சுதா? என் இடுப்பும் ரெண்டு நாளா கிறீச்சுங்குது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க?" என்பாள். அக்கா எனக்குப் பரிந்து பேசுவாள். ஷெட்டுக்கு டீ கொண்டுவந்து வாசலிலேயே வைத்துவிட்டுப் போவாள். உள்ளே வரமாட்டாள். ஸ்கூட்டர் வாசனையே அவளுக்கு ஆகாது என்று வைத்துக்கொண்டேன். அது என் வசதிக்கும் ஒத்துவந்தது.

முதன்முதலாக ஸ்டார்ட் செய்தது ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு. கயிற்றை ஆறாவது முறை இழுத்தபோது பிடித்தது. டப் டப் டப் டப், க்ஹும். ஐயா, எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறேன், வாசல் கேட்டில் அக்கா நிற்கிறாள். ஐம்பத்திரண்டு வயசு. கையெல்லாம் மாவு. அந்த மாவுக் கையாலேயே முன்நெற்றி முடியை ஒதுக்கியிருக்கிறாள், நெற்றியில் வெள்ளைக் கோடு. ஓடவே இல்லை என்கிற மாதிரி, தெரு முனையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

நான் இன்ஜினை அணைத்தேன். அவள் மெதுவாகத் திரும்பி ஷெட்டைப் பார்த்தாள்.

"இதுவாடா?" என்றாள்.

"அதே மாதிரி வேற ஒண்ணுக்கா. கம்பெனியில இருநூறு வண்டி செஞ்சான்" என்றேன்.

"அப்படியா" என்றாள். பிறகு, "நெத்தியில என்ன இருக்கு?" என்று என்னிடமே கேட்டுத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று சாப்பாட்டில் உப்பு இல்லை. மனைவியே எழுந்துபோய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

அன்றைக்கே சைலன்சரைக் கழற்றிவிட்டேன். உங்கள் முதல் கேள்விக்கு இதுதான் விடை. அக்காவை நோகடிக்கக் கூடாது என்பதற்காக நாலு மார்க்கை விட்டுக்கொடுத்தவன் நான். அந்த டாக்டர் யாருக்காகவாவது ஒரு நட்டை மாற்றியிருப்பாரா?

இனி உரிமையாளர் கட்டம். வண்டியின் டூல் பாக்ஸில் தகரத்தில் செய்த மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்று இருந்தது. மூடியில் அக்கா வேலை பார்க்கும் கடையின் பேர். உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு தாள். அதைத்தான் இணைத்திருக்கிறேன். முன்பக்கம் சர்வேயரின் கையெழுத்தில், ஃபிரேம் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் குறிப்பிட்டு, இந்த வண்டியை இன்னாருக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறது. ஆக, இன்ஜினும் ஃபிரேமும் பிறந்ததிலிருந்தே ஜோடி. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? அக்கா சொன்ன விளையாட்டு வார்த்தைக்காக மனுஷன் நிஜமாகவே வண்டியைத் தள்ளிவிடக் கிளம்பியிருக்கிறார். இதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இப்படி ஒரு வண்டியைக் கைவிட எப்படி ஐயா ஒருத்தருக்கு மனசு வரும்? "இன்னாருக்கு" என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தார். அங்கே என் பேரை எழுதியது நான். மை வேறு என்று எப்படியும் கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்கு முன்பக்கம் போதும். பின்பக்கம் பென்சிலில் அக்காவுக்கு எழுதியது, மதிப்பெண்ணுக்குச் சம்பந்தமில்லாதது. ஆனால் ஜெராக்ஸ் எடுத்தவன் இரண்டு பக்கத்தையும் எடுத்துவிட்டான். எப்படியும் நீங்கள் படிப்பீர்கள் என்பதால் நானே விளக்கிவிடுகிறேன்.

அணைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு பார்த்திருப்பதாகவும், சாமான்களை அங்கே அனுப்பிவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். நேரில் சொல்லி அசத்தலாம் என்று குறுக்கு வழியில் வந்தாராம். வண்டி சறுக்கிக் கால் அடியில் மாட்டிக்கொண்டது. அப்புறம் இப்படி இருக்கிறது: "இன்று திங்கள். வலி குறைந்திருக்கிறது. பயப்படாதே. நாளைக்குச் செவ்வாய். உன் தம்பி மேலே குழாய்ப் பாதையில் வருவான். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்."

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் போகவில்லை. அப்போது என்னிடம் வேறொரு ஸ்கூட்டர் இருந்தது, சாதாரண வண்டி, இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. காலையில்தான் கடைசிப் பூச்சு அடித்திருந்தேன். ஈரப் பெயின்டைத் தூசியில் விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே பதிவேட்டில் எழுதினேன்: நடந்து பார்த்தேன், குறை ஒன்றுமில்லை. அவருடைய ஆபீஸிலிருந்து வியாழக்கிழமை தேட ஆள் கிளம்பியபோது, அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் குழாய்ப் பாதைப் பக்கமே போகாமல் மறுபக்கத்தில் தேடினார்கள். அக்காவும் கேட்டாள். "நீ செவ்வாக்கிழமை அந்த வழியாத்தானே போனே, எதையும் பார்க்கலையா? ஒரு சத்தம்கூடக் கேக்கலையா?" "இல்லைக்கா" என்றேன். அது பொய் இல்லை. நான் எதையும் கேட்கவில்லை.

அடுத்த செவ்வாய் ஒழுங்காக நடந்தேன். கூப்பிட யாரும் இல்லை.

ஆகவே ஐயா, எட்டு மார்க்கையும் திருப்பித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கம்பெனி சைலன்சர் எண்ணெய்த் துணியில் சுற்றிப் பத்திரமாக இருக்கிறது. மாட்டப் பத்து நிமிஷம். மறுமதிப்பீட்டுக்கு அக்காவும் வருகிறாள். தம்பி பரிசு வாங்குவதைப் பார்க்க ஆசைப்படுகிறாள், பாவம். ஒரே ஒரு வேண்டுகோள். ஒலிச் சோதனையை அவள் வந்து சேர்வதற்கு முன்னால் முடித்துவிடுங்கள். அவளுக்குச் சின்ன வருத்தம்கூட வரக்கூடாது என்றுதான் இத்தனை வருஷமாக நான் பார்த்துப் பார்த்து நடந்துகொண்டிருக்கிறேன்.