மீன்கள் மேலே வந்த மதியம்

"அலோ... அலோ... யாரு... லாத்தாவா? சத்தமாப் பேசுங்க, இங்கன மெஷின் ஓடுது... ஆமா, ஆமா, வாவுதான் பேசுறேன்... என்னது... மீனா?"

ராமநாதபுரத்தில் சோடா கம்பெனி வைத்திருந்த வாவு முகம்மது, ரிசீவரை ஒரு காதில் அழுத்தி, மறு காதைக் கையால் பொத்திக்கொண்டார். கீழக்கரையிலிருந்து அவர் லாத்தா என்று கூப்பிடும் அக்காள் ஜுனைதா டிரங்கால் போட்டிருந்தாள். அவள் அப்படிக் கூப்பிடுகிறவள் அல்ல. கொழும்பில் வியாபாரம் செய்யும் மச்சானுக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று ஓடிவந்தவருக்கு, மீன் என்றதும் எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"மீனுக்குப் போயி டிரங்கால் போடுவாங்களா லாத்தா... சரி, சரி, கோவிக்காதீங்க... மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுதா... எல்லாமேவா?... ஆமா... ஆமா... ரெண்டு மல்லாந்துருச்சா..."

எல்லாம் நூர் நிஷாவின் வேலை. அக்காளுக்கு ஒரே மகள். மதுரையில் காலேஜில் தாவரவியல் படித்துவிட்டு வந்தவள். மச்சான் கொழும்பிலிருந்து கொண்டுவந்த கண்ணாடித் தொட்டியில் மணலைப் பரப்பி, ஊருணியில் பிடுங்கிய பாசியையும் நீர்ச்செடிகளையும் நட்டு, நடுவில் மீன்களை விட்டிருந்தாள். சில வாரத்திலேயே செடிகள் பழுத்து உதிர ஆரம்பித்தன. போன மாதம் அம்மாவோடு வந்தவள், சோடாவில் அடைக்கிறீர்களே அந்த காஸ், அதுதான் மாமா செடிக்குச் சாப்பாடு, தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் செடி தழைத்துவிடும் என்று விளக்கினாள். சோடாவில் நுரைக்கிற சாமானைச் செடி தின்னுமா என்று அவர் சிரித்தார். ஆனாலும் மருமகள் கேட்டு இல்லையென்று சொல்ல மனசு வரவில்லை. மூலையில் கிடந்த பழைய சிலிண்டர் ஒன்றில் ரப்பர் குழாயைச் செருகி, நேற்றுத்தான் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருந்தார்.

"ரொம்பத் தொறந்துருப்பா. அதான் மீனுக்கு மூச்சு முட்டுது. சாவியை வலப்பக்கமாத் திருகி இறுக்கி மூடுங்க... மூடியாச்சா?... எப்ப?... காலையிலயேவா?"

அக்காள் சொன்னதைக் கேட்டு ரிசீவரை இன்னும் அழுத்திப் பிடித்தார்.

"மூடுன பொறகும் உஸ்ஸுங்குதா... குழாயிலயா, கழுத்துலயா... நல்லாப் பாத்தீங்களா... கழுத்துல."

அவர் குரல் தணிந்தது. மெஷின் அருகே நின்ற வேலையாள் சோணைமுத்துவைப் பார்த்து நிறுத்து என்று கையைக் காட்டினார். கம்பெனி அமைதியானது.

"லாத்தா, அந்தச் சிலிண்டர் எங்கன இருக்கு?... தொட்டிப் பக்கத்துல. ரூமுக்குள்ளயா?... ஜன்னல் தொறந்துருக்கா?... ஆமா, கச்சான் காத்துதான், மண்ணு வரும்தான், தெரியுது... எல்லாத்தையும் சாத்திட்டீங்களா... நூர் நிஷா எங்க?"

பதில் வந்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"தூங்குறாளா. கட்டில்லயா... பாயிலயா... தொட்டிக்குக் கீழயேவா படுத்துருக்கா?... எப்பப் படுத்தா?... கூப்பிட்டுப் பாத்தீங்களா?... அசதியா இருக்காது லாத்தா. நீங்க உள்ள போனப்ப உங்களுக்குத் தல கிறுகிறுன்னுச்சா... வந்துச்சா... சரி, சரி. இப்ப நான் சொல்றத மட்டும் கேளுங்க."

போன வருஷம் இதே சோணைமுத்து, பாட்டில் கழுவும் குழிக்குள் குனிந்தவன் அப்படியே சரிந்தான். சிலிண்டர் ஒன்று அங்கே ஒழுகிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. அந்த காஸுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு படிந்து கிடக்கும். நின்றவனை விட்டுவிடும், படுத்தவனைப் பிடித்துக்கொள்ளும். காலைப் பிடித்து வெளியே இழுத்துப்போட்டுத்தான் அவனைப் பிழைக்கவைத்தார்கள்.

"மொதல்ல ரூம் கதவ அகலமாத் தொறங்க. வெளிய நின்னு மூச்ச நல்லா இழுத்து அடக்கிக்கங்க. உள்ள போயி குனிஞ்சு அவ முகத்தப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க. காலப் பிடிங்க, பாயோட வெளிய முத்தத்துக்கு இழுத்துட்டு வாங்க... ஜன்னல் அப்புறம்... மீன் கெடக்கட்டும் லாத்தா, மீன விடுங்க... பக்கத்து வீட்டுல ஆள் இருந்தா கூப்பிடுங்க, வர்ற வரைக்கும் நிக்காதீங்க... அது கசியும். அந்தச் சிலிண்டர் கசியும்னு எனக்குத் தெரியும். கம்பெனிக்கு ஆகாதுன்னுதான் ஒங்க வீட்டுக்கு அனுப்புனேன். போங்க. போனை அப்படியே போட்டுட்டுப் போங்க."

ரிசீவர் அங்கே சுவரில் இடித்து இடித்து ஆடும் சத்தம் கேட்டது. கூடத்தில் காலடிகள் ஓடின. அப்புறம் காற்றின் இரைச்சல் மட்டும். ஜன்னல் சாத்தியிருந்தாலும் அந்த வீட்டில் கச்சான் காற்று விசில் அடிக்கும். சின்ன வயதில் அவர் படுத்துத் தூங்கிய வீடுதான் அது.

"லாத்தா... லாத்தா..."

ரிசீவரின் கம்பிச் சுருளை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். மேசைக்கும் சுவருக்கும் இடையே இருந்த இடத்தில் முன்னும் பின்னும் நடந்தார். ரிசீவரைச் சோணைமுத்துவிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடலாமா என்று தோன்றியது. ஓடினால் அங்கே நடப்பது ஒன்றும் தெரியாது. நின்றாலும் இங்கிருந்து செய்வதற்கு ஒன்றும் இல்லை. சோணைமுத்து என்ன முதலாளி என்று கேட்டான். அவர் வாயில் விரலை வைத்தார்.

"அலோ... யாரு... எக்ஸ்சேஞ்சா?... நேரம் முடிஞ்சிருச்சா... சார், கட் பண்ணிராதீங்க. நீட்டிக் குடுங்க... ஆமா, ஆமா, யாரும் பேசலதான். பேசாட்டியும் லைன் இருக்கட்டும் சார்... அங்கன ஒரு பிள்ள மயங்கிக் கெடக்கு. அவ அம்மா இழுக்கப் போயிருக்காங்க... ஆமா... ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும் சார்."

எக்ஸ்சேஞ்சுக்காரர் விலகிக்கொண்டார். லைன் இருந்தது. தூரத்தில் ஏதோ கனமாக இழுபடும் சத்தம் மாதிரி இருந்தது. அது ரிசீவர் சுவரில் உரசுவதாகவும் இருக்கலாம். அவர் உதடு யா அல்லா, யா அல்லா என்று முணுமுணுத்தது. அக்காளும் அங்கேயே விழுந்திருந்தால் என்ற நினைப்பு வந்தது. அதை நினைத்துப் பார்க்க அவரால் முடியவில்லை. அந்தச் சிலிண்டரைத் துடைத்து, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று நீலப் பெயிண்ட் அடித்து அனுப்பியதுதான் திரும்பத் திரும்பக் கண்ணில் நின்றது.

அப்புறம் ஒரு இருமல்.

அது யாருடைய இருமல் என்று தெரியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அலோ... லாத்தா... சொல்லுங்க... அழாமச் சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் புரியல... மூச்சு வருதா?... வருதா... கண்ணத் தொறந்தாளா... வாந்தி எடுத்தாளா, எடுக்கட்டும், எடுக்கட்டும்... முத்தத்துலயே இருக்கட்டும், காத்துப் படட்டும். மண்ணு விழுந்தா விழுந்துட்டுப் போகுது... ஒங்களுக்கு?... உக்காருங்க, உக்காந்து பேசுங்க."

அக்காள் பேசிக்கொண்டே இருந்தாள். அவர் முகம் சுருங்கியது, காது சிவந்தது.

"ஆமா... ஆமா... தப்புத்தான்... ஏசுங்க, நல்லா ஏசுங்க... மச்சானுக்கு நானே எழுதுறேன், நீங்க மறைக்க வேணாம்... ஆமா, எம்புள்ளையா இருந்தா அனுப்பியிருக்க மாட்டேன்தான்."

ரிசீவரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"என்ன... யாரு... அவளா? அவ எந்திரிச்சா வந்தா?... குடுங்க... நூரு, ஏம்மா எந்திரிச்ச. படுத்துக்க... தல வலிக்குதா... ஆமா, வலிக்கும், சாயங்காலத்துக்குள்ள போயிரும்... மாமா மேல கோவமா?"

கோபம் இல்லை போலிருக்கிறது. அவள் வேறு எதையோ, இருமலுக்கு நடுவே, அவசர அவசரமாகச் சொன்னாள். அவர் நெற்றியைச் சுருக்கிக் கேட்டார்.

"எது... எலையிலயா... குமிழியா, முத்து முத்தாவா... செடி விடுற மூச்சா... ஒவ்வொரு எலையிலயுமா?... அதப் பாக்கத்தான் கீழ படுத்தியா... நெசமாவே செடி அதத் திங்குதா?"

கேட்டுவிட்டு அவரே திகைத்துப் போனார். சாகக் கிடந்த பிள்ளை சொல்லுகிற முதல் பேச்சு இது.

"சரி, சரி... மீன் பொழைக்கும். நீ உள்ள போகாத. ரூம் நல்லாக் காத்தாடட்டும், அப்புறம் யாரையாவது விட்டுப் பாதித் தண்ணிய எறச்சுட்டு, கெணத்துத் தண்ணிய உசரத்துலருந்து ஊத்தச் சொல்லு... ஆமா... என்னது... வேற சிலிண்டரா?"

எதிர்ப்பக்கம் ஒரு கூச்சல் கேட்டது. அக்காள் ரிசீவரைப் பிடுங்கப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"லாத்தா, அவள ஏசாதீங்க... நூரு, நான் சொல்றதக் கேளு. நான் இப்பவே வாரேன். பஸ் கெடைக்காட்டி சைக்கிள்லயாவது வாரேன். அதப் பொறவு பேசுவோம். நல்ல வால்வு போட்டு, வெளிய முத்தத்துல வச்சு, செவத்துல ஓட்டை போட்டுக் குழாய மட்டும் உள்ள..."

லைன் கட்டாகிவிட்டது.