ஏழாம் பெட்டியின் குஞ்சுகள்

பல்லி வளர்ப்பது பெரிய சிரமமில்லை, ஐயா. கண்ணாடிப் பெட்டி, கொஞ்சம் மண், ஈரத்துணி, கரப்பான் குஞ்சுகள் போதும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்திவந்த நான், ராஜபாளையத்து வீட்டில் ஆறு வருஷம் வளர்த்தேன்.

ஏழாம் பெட்டிப் பல்லி, ஆள் பார்த்தால் தின்னாது. அதன் முட்டைகளை எடுத்து வேறு அறையில் பொரிக்க வைத்தேன். தாயைக் கண்ணால் காணாத குஞ்சுகளும் அப்படியே வாயை மூடிக்கொண்டன. மூன்று தலைமுறை பார்த்தேன். இந்தப் பிடிவாதம் ரத்தத்தில் வருவது என்று நோட்டில் எழுதினேன்.

என் மாமியார் பரிபூரணம், மாமனாரோடு மனஸ்தாபமாகிச் சோறு மறுத்தே இறந்தவர். கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குச் சொன்னார்கள்.

எண்பத்தெட்டு ஆடியில் எங்கள் குழந்தை இறந்தே பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த என் மனைவி ஞானபாக்கியம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். வைத்த தட்டு வைத்தபடி இருந்தது. இரண்டு நாள் கெஞ்சினேன். மூன்றாம் நாள் நோட்டில் அவளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். ஆள் வந்து போனால் நடத்தை மாறிவிடும் என்பதால் அறையை வெளியே பூட்டினேன். தண்ணீர் மட்டும் வைத்தேன்.

ஏழாம் நாள் கொழுந்தியாள் கிருபாபாய் சோழபுரத்திலிருந்து தூக்குச்சட்டியில் கோழிச்சாறு கொண்டுவந்தாள்.

"அத்தான், செத்த நேரம் அக்காவப் பாத்துட்டுப் போறேன்" என்றாள்.

உபவாச ஜெபத்தில் இருக்கிறாள், கலைக்கக் கூடாது என்றேன். அவளும் வாசலிலேயே நின்று ஜெபித்துவிட்டு, சட்டியை என்னிடம் தந்துவிட்டுப் போனாள். சாறு நன்றாக இருந்தது.

பதினோராம் நாள் மத்தியானம் தண்ணீர் வைக்கப் போனபோது ஞானபாக்கியம் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"பசிக்கிதுங்க. கொஞ்சம் கஞ்சி இருந்தா தாங்க."

நான் எதிர்பார்க்கவில்லை. அந்த வம்சம் வாய்விட்டுச் சோறு கேட்காது. பலவீனத்தில் பிதற்றுகிறாள் என்று குறித்துக்கொண்டு கதவைப் பூட்டினேன். மறுநாளும் கேட்டாள். அதற்கடுத்த நாள் கதவைத் தட்டிக் கேட்டாள். பதினேழாம் நாள் தட்டவில்லை.

அடுப்பில் கஞ்சி இருந்ததா என்கிறீர்கள். இருந்தது. பூட்டியது நான்தான், கொடுக்காததும் நான்தான். வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சாப்பிட மறுத்தது அவள் குணம், ஐயா. நான் அதற்குக் குறுக்கே நிற்கவில்லை.