தம்பி சொல்ல நான் எழுதியவை

கண்ணு, எங்கள் வீட்டில் என் கையெழுத்துதான் அழகு. உன் அப்பாவுக்குப் பத்து வயதில் கதவிடுக்கில் சிக்கி வலதுகை விரல்கள் மடங்காமல் போயின. இடது கையும் பழகவில்லை. அன்றிலிருந்து அவன் சொல்வான், நான் எழுதுவேன். பள்ளிப் பாடம், கதை, கல்யாணத்துக்கு முன் உன் அம்மாவுக்குப் போட்ட கடிதங்கள், எல்லாம் என் கையெழுத்துதான். "நான் ஆசப்பட்டது உங்களையா, உங்க தம்பியையான்னே தெரியல அண்ணி" என்று உன் அம்மா கேலி செய்வாள்.

அவனுடைய முதல் இரண்டு நாவல்களை யாரும் சீண்டவில்லை. சந்தோஷமாக இருந்தவன் சொன்னவை, உப்புச்சப்பில்லாமல் இருக்கும். பிறகு ஏதோ வாய்த்தகராறில் உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அந்த நான்கு மாதம் அவன் அழுதுகொண்டே சொன்னதுதான் மூன்றாவது நாவல். பதிப்பாளர் படித்துவிட்டு, "அடிபட்டாத்தாங்க எழுத்து வரும். இவரை இப்படியே பாத்துக்குங்க" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார், பாவம். நான் பார்த்துக்கொண்டேன்.

கோபம் போய்விட்டது, வரட்டுமா என்று உன் அம்மா எழுதினாள். தபால் என் கைக்குத்தான் வரும். ஒவ்வொரு தடவையும் அவன் பெயரில் "வராதே" என்று பதில் போட்டேன். அவனிடம் கடிதமே வரவில்லை என்றேன். "இன்னொரு தடவ எழுதிப் பாப்போம்க்கா" என்பான். அவன் சொல்லச் சொல்ல எழுதி, உறையில் போட்டு, இழுப்பறையில் வைத்துவிடுவேன். ஒன்றையும் கிழிக்கவில்லை. அவ்வளவும் நல்ல எழுத்து. அவன் நேரில் போகக் கிளம்பியபோது, "உன் முகத்துல முழிக்க மாட்டாளாம்" என்று சொல்லி உட்காரவைத்தேன்.

இப்படிப் பதினோரு வருடம், மேலும் மூன்று நாவல்கள். அவனுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. வெந்நீர், மாத்திரை, துவைத்த சட்டை எல்லாம் வேளாவேளைக்கு. அவன் அழும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துவிடுவேன். பேனாவை மட்டும் மூடமாட்டேன்.

ஏழாவது நாவல் கடைசி அத்தியாயத்தில் நின்றுவிட்டது. அம்மா இறந்துவிட்டாள் என்று நீ எழுதிய கடிதம் அதற்கு ஐந்து மாதம் முன்பே வந்திருந்தது. தேவைப்படும் என்று எடுத்து வைத்திருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வெள்ளைத் தாளைத் தயாராக வைத்துக்கொண்டு, அதை அவனுக்கு வாசித்துக் காட்டினேன்.

என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தான். பிறகு, "போதும்க்கா, மூடி வச்சிடு. நான் எம் பொண்ணப் பாக்கணும்" என்றான். "அவ உன்ன வரச் சொல்லலையே" என்றேன். அதன்பின் அவன் ஒரு வரி சொல்லவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை. இரண்டு மாதத்தில் போய்விட்டான்.

நேற்று நீ அச்சான அந்த ஏழாவது நாவலையும் "வராதே" கடிதங்களையும் என் முன்னால் வைத்தாய். கடைசி அத்தியாயத்தில் கதாநாயகன் தன் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கும் இடத்தைப் படித்து விடிய விடிய அழுததாகச் சொன்னாய். "இவ்ளோ பிரியம் வச்சிருந்தவரு எப்படி அத்தை இப்படி எழுதச் சொன்னாரு?" என்று கேட்டாய். நீ போனதும் தாளை எடுத்தேன். எனக்கு எழுதத்தான் வரும்.

கடிதங்களை அவன் சொல்லவில்லை. அந்த அத்தியாயத்தையும் அவன் சொல்லவில்லை. அவன் உள்ளறையில் படுத்து உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், முன்னறையில் உட்கார்ந்து நானே எழுதினேன். அவன் எழுத்திலேயே அதுதான் உச்சம் என்கிறார்கள். மூன்றே நாளில் முடித்துவிட்டேன், கண்ணு. எனக்கு ஒரு கஷ்டமும் தெரியவில்லை.