நல்ல பிரதி

“அழிச்சால் அது எங்கை போகும், அப்பா?” என்று என் மகள் சாருஜா ஒருநாள் கேட்டாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. எங்கும் போகாது, கணினி அதை மறந்துவிடும், அவ்வளவுதான் என்றேன்.

இணுவிலில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கோயிலில் விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகுதான் கடை திறப்பேன். ஆவணியில் உதயகலா அக்கா தன் மடிக்கணினியைக் கொண்டுவந்தார். வைரஸ் புகுந்திருந்தது. அவருடைய ஒரே மகன் கீர்த்திகன் வெளிநாடு போகும் வழியில், ஓர் எல்லைக் காட்டிலிருந்து கடைசியாக எழுதி இரண்டு மாதம். சேதி வரும்வரை ஒருநேரச் சாப்பாடு என்று கந்தசுவாமிக்கு நேர்ந்திருந்தார். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

“தம்பி, பிள்ளையின்ரை கடிதம் ஏதும் வந்திருந்தால் அழிஞ்சுபோகாமல் பாருங்கோ. எனக்கு அவன் உதுக்குள்ளைதான் இருக்கிறான்.”

வைரஸை அகற்றுவது சின்ன வேலை. அது சிதைத்த விண்டோஸ் கோப்புகளைச் சீராக்கத்தான் நேரமெடுக்கும். அதற்கென ஒரு கட்டளை உண்டு. ஒவ்வொரு கோப்பாகப் பார்த்து, பழுதானதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நல்ல பிரதியை வைக்கும். பாவிக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. அது முடிந்ததும், எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்க மின்னஞ்சலைத் திறந்தேன்.

ஒரு கடிதம் புதிதாக வந்து இறங்கியது. வெளிநாட்டு வைத்தியசாலை ஒன்று எழுதியிருந்தது. கீழே தமிழிலும் இருந்தது. கீர்த்திகனின் உடல் தங்கள் பிணவறையில் இருக்கிறது, முப்பது நாளுக்குள் குடும்பத்தார் பதில் எழுதினால் ஊருக்கு அனுப்புவோம், இல்லாவிட்டால் இங்கேயே அடக்கம் செய்வோம்.

அதை அழித்தேன். அந்த முகவரியிலிருந்து இனி எதுவும் வராதபடி தடுத்தேன். கீர்த்திகனின் பழைய கடிதங்களை வாசித்துப் பழகிக்கொண்டு, அவன் பெயரில் புதிய முகவரி ஒன்று திறந்து எழுதினேன். போன் துலைஞ்சுபோச்சு, முகாமிலை இருக்கிறன், கதைக்க விடமாட்டினம், நீங்கள் மூண்டு நேரமும் சாப்பிடுங்கோ அம்மா.

மறுநாள் அக்கா கடையில் நின்றபடி அதை மூன்று தரம் வாசித்தார். பிறகு தன் நேர்த்தி முடிந்தது என்று சொல்லி, என் மனைவி கொடுத்த பிட்டைக் கடைக்குப் பின்னாலுள்ள எங்கள் வீட்டிலேயே இருந்து சாப்பிட்டார். ஒரு மனிதர் சாப்பிடுவதைப் பார்ப்பதைவிடப் பெரிய நிறைவு எனக்கு இல்லை. அதன் பிறகு வாரம் இரண்டு கடிதம் எழுதினேன்.

முப்பதாவது நாளை நான் மறக்கவில்லை. அங்கே அவனை மண்ணில் இறக்கியிருப்பார்கள். இறந்த நாள் தெரியாததால், கடிதம் வந்த நாளிலிருந்து எண்ணி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு செய்யக் கீரிமலைக் கடற்கரைக்குப் போனேன். ஐயரைக் கூப்பிட்டால் பெயரும் உறவும் கேட்பார். சனமில்லாத உச்சிவேளையில் எள்ளும் தண்ணீரும் நானே விட்டு, கடலில் முழுகினேன். ஒருவரும் காணவில்லை. தாய் செய்விக்க வேண்டியதை ஒரு குறையும் வைக்காமல் செய்தேன். அவனுக்கு நான் பட்ட கடன் அதோடு தீர்ந்தது.

பஸ்ஸுக்கு நிற்கும்போது, அக்கா மகனுக்கென்று அந்தப் புதிய முகவரிக்கு எழுதியிருந்த கடிதத்தை என் போனில் பார்த்தேன். அங்கே குளிரோ, போர்க்க ஏதும் தந்தவையோ என்று கேட்டிருந்தார்.

குளிர் இல்லை அம்மா, நல்லா நித்திரை கொள்ளுறன் என்று எழுதினேன்.