மருதாணிக்கு அடியில் தட்டுப்பட்ட தடிப்பு

இருமல் வரும்வரை காத்திராத மருத்துவரே, ஸலே நகரத்துச் சந்துகளின் படிகளை முழங்கால் வலியோடு ஏறியிறங்கியவரே, இன்று எங்களிடம் விடைபெறும் நெஞ்சுநோய் நிலையத்தின் தலைவியே, டாக்டர் ஸக்கியா லஹ்பாபி அவர்களே!

காசநோயாளி வந்தால் மருந்து கொடுப்பதே நம் வேலை என்றிருந்தோம். அவரோடு ஒரே அறையில் மூச்சுவிடுபவர்களைத் தேடிப் போவதும் வேலைதான் என்றீர்கள். அவர்கள் முன்கையில் சோதனை ஊசி போட்டோம். மூன்றாம் நாள் அந்த இடம் தடித்திருந்தால், நோயில்லாமலே கிருமி உள்ளே உறங்கிக்கொண்டிருக்கலாம். ஊராரோ தடிப்பையே காசநோய் என்று அஞ்சி, மூன்றாம் நாள் கையைக் காட்ட வராமலிருந்தார்கள்.

ஹஸ்னாவும் வரவில்லை. நோயுற்ற தந்தையைக் கவனித்தவள். அந்த வாரம் அவளுக்குக் கல்யாணம். மாமியாராகப்போகும் லல்லா ரஹ்மா தடிப்பைப் பார்த்தால் எல்லாம் நின்றுவிடும் என்று, முழங்கைவரை மருதாணி இட்டு மறைத்துவிட்டாள். ஹஸ்னாவே சொல்லச் சொன்னதால்தான் இதைச் சொல்கிறோம். இதோ, கணவரோடு முன்வரிசையில் இருக்கிறாள்.

நீங்கள் மருதாணி விருந்துக்கே போனீர்கள். பெண்களின் பாட்டுக்கு நடுவே, கோலத்தை ரசிப்பவர்போல அவள் கையைப் பற்றினீர்கள். மருதாணி சிவப்பைத்தான் மறைக்கும். தடிப்பு விரலுக்குத் தெரிந்துவிடும். உடன் வந்த நாங்கள் உங்களையே பார்த்தோம். உங்கள் முகமோ ஒன்றையும் காட்டவில்லை. ஒரு பெண்ணின் அச்சத்தைக் கையில் பிடித்தபடி, சபைக்கு அதைக் காட்டிக்கொடுக்காத முகம் அது.

மறுநாள் நிலையத்தில் அவளுக்கு எடுத்த நெஞ்சுப் படம் தெளிவாக இருந்தது. நீங்கள் விட்ட பெருமூச்சு அடுத்த அறைவரை கேட்டது.

“உனக்கு நோய் இல்லம்மா. கிருமி தூங்குது, மாத்திரையால தூக்கத்துலயே முடிச்சிடலாம். உன்கிட்டேருந்து யாருக்கும் ஒட்டாது. சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்” என்றீர்கள்.

அவள் மாமியாரிடமே சொன்னாள். லல்லா ரஹ்மா நேரே நம் நிலையத்துக்கு வந்து நின்றார். கல்யாணம் நின்றதென்றே நினைத்தோம்.

“தூங்குதாமே? அப்ப எங்க வீட்டுக்காரர் மாதிரின்னு சொல்லுங்க” என்றார். பிறகு மெல்லச் சட்டைக்கையைச் சுருட்டினார். “என் தம்பி என் மடியில இருமி இருமியே போனான். எனக்கும் ஊசி போடுங்க டாக்டரம்மா. போட்டுட்டு கல்யாணத்துக்கு வந்து சேருங்க.”

அன்று நமக்குள் எதுவோ தளர்ந்தது. அது மகிழ்ச்சிக்கும் முந்தையது. நெடுநேரம் பிடித்திருந்த மூச்சு வெளியேறுவது போன்றது. அவர்கள் சந்தில் அதற்குப்பின் கைகள் ஒளியவில்லை.

சிறுவயதுத் தடுப்பூசியாலும் கை தடிக்கும், அதனால் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று மேலிடத்தில் விடாமல் கேட்டு வாங்கித் தந்தீர்கள். ரத்தம் கொடுக்க ஒருமுறை வந்தாலே போதும் என்று இன்று மக்களிடம் சொல்கிறோம்.

பொறுமையின் உருவே! முழங்கால் வலி நீங்கி, நிறைந்த ஆயுளோடும் குறையாத நலத்தோடும் வாழுங்கள். யார் வரவில்லை என்ற கவலையை எங்களிடம் விட்டுச் செல்லுங்கள். அவர்கள் வீடு எங்களுக்குத் தெரியும்.

என்றும் உங்கள்,
நெஞ்சுநோய் நிலையப் பணியாளர்கள்,
ஸலே