ஒத்தைச் சாவி

அதெல்லாம் இருக்கட்டும், உங்களை யார் அனுப்பினாங்க? ரிப்பேருக்கு நான் யாருக்குமே போன் பண்ணலையே. திருட்டு சாப்ட்வேர் புடிக்க கம்பெனி அனுப்பின ஆளா? இல்லையா? புடிக்க வர்றவன் ஆமான்னா சொல்லுவான்.

சரி, உக்காருங்க. இதான் எம்பிராய்டரி கம்ப்யூட்டர். இதுல டிசைன் திறந்தாதான் மிஷின் தைக்கும். திறக்கணும்னா பின்னால டாங்கிள் சொருகியிருக்கணும், விரல் அளவு சாவி. அது என்கிட்ட இல்ல. சாவி இருக்குற மாதிரி கம்ப்யூட்டரை நம்ப வைக்க டிரைவர்னு ஒரு சின்ன சாப்ட்வேர் போட்டிருக்கு. எமுலேட்டர்ங்கறாங்களே, அதான். போன வாரம் விண்டோஸ் தானா புதுசா மாறிக்கிச்சு. டிரைவருக்குக் கம்பெனியோட டிஜிட்டல் கையெழுத்து இல்லையாம், உள்ள விட மாட்டேன்னு அன்னையிலேருந்து ஒரே அடம்.

விண்டோஸ் கையெழுத்துப் பாக்குற அந்தச் சோதனையை நிறுத்தறதா? நிறுத்திப் பாத்தாச்சுங்க. கம்ப்யூட்டரே படுத்து நீலத் திரைதான் வந்துச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள ஸ்கூல் பேட்ஜ் அத்தனையும் குடுக்கணும், இல்லேன்னா ஆர்டர் கைவிட்டுப் போயிரும்.

என்ன, நெஜ சாவிக்கு மட்டும் புது விண்டோஸுக்கான டிரைவர் வந்திருக்கா? நல்லா வந்துச்சு போங்க. அது என் தம்பிகிட்ட இருக்கு. கடையைப் பிரிச்சப்போ சாவியை அவன் எடுத்துக்கிட்டான். எனக்கு இந்த டிரைவரைப் போட்டுக் குடுத்து, உனக்கு இது போதும்க்கான்னான். என்னைக்காவது இது காலை வாரும்னு அவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அன்னைக்கு விட்டதுதான் பேச்சு. நடுவுல அடிச்ச இந்தப் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் அவன் கடை. தும்மினாக்கூட கேக்கும். பேர் சொல்லிக் கூப்பிட மட்டும் ரெண்டு பேருக்கும் வாய் வராது.

பையில என்னத்தைத் தேடறீங்க? காட்டுங்க. இந்தச் சாவி ஏது உங்களுக்கு? புதுசுன்னு கதை விடாதீங்க, ஓரத்துல இருக்குறது என் நெயில் பாலிஷ். கடை ஒண்ணா இருந்தப்போ தொலையக் கூடாதுன்னு நான் வச்ச அடையாளம். சொல்லக் கூடாதுன்னு உங்க வாயைக் கட்டிட்டானா? அவனுக்கு எப்படித் தெரியும்... ஓ. என் மிஷின் நின்னது கேட்டிருக்கும்.

இருங்க, சொருகாதீங்க. சாவி இது ஒண்ணுதாங்க. இதை இங்க குடுத்துட்டு அவன் எதை வச்சு ஓட்டுவான்? காலையிலேருந்து அந்தப் பக்கமும் சத்தமே இல்ல. அவனுக்கும் வேலை இல்ல போலன்னு நான் சந்தோஷப்பட்டுட்டு உக்காந்திருக்கேன்.