அரளிப் புழுவுக்கு ஒரு குழாய்

சாயங்காலக் காபியைத் தனியாகக் குடிப்பதில் ஒரு வசதி உண்டு. பேச்சுக் கொடுக்க ஆள் இல்லாததால் ஆறுவதற்குள் குடித்துவிடலாம். இந்த ஆவணி முழுக்க நான் அப்படித்தான் குடித்தேன். என் மனைவி முத்துச்செல்வி, பக்கத்து வீட்டு வெள்ளைத்துரையின் அரளிச் செடியடியில் இருப்பாள்.

வெள்ளைத்துரை தபால் ஆபீசில் ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். அரளியில் பச்சைப் புழு வளர்க்கிறார். சுண்டுவிரல் பருமன் என்பார்கள். நீங்கள் வாழைக்காய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தலைக்குப் பின்னால் நீலமாக இரண்டு பொட்டு, கண் மாதிரியே முறைக்கும். ஆளைக் கொல்லும் அரளி இலை அதற்குக் கல்யாணச் சாப்பாடு. தின்று தீர்த்ததும் பழுப்பேறி, கீழே இறங்கி, சருகுக்குள் கூட்டுப்புழுவாகிவிடும். பிறகு அந்துப்பூச்சியாக வெளியே வரும். பட்டாளத்துச் சட்டை போலப் பச்சை, நடுநடுவே ரோஸ். இருட்டியதும் மல்லிகைப் பந்தலில் அந்தரத்தில் நின்றபடி தேன் குடிக்கும். ஹெலிகாப்டர் தோற்றுவிடும்.

"இங்கன வந்து பாருங்களேன், எம்புட்டு அழகு. அண்ணனுக்கு என்னா பொறுமைங்க" என்பாள் முத்துச்செல்வி. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கும் காகிதக் குழாய் செக்சனை ஆயுசெல்லாம் கட்டி மேய்த்தவன் நான். என் பொறுமையை அவள் ஒருநாளும் பார்க்க வந்ததில்லை.

ஒருநாள் வெள்ளைத்துரை வந்தார். "அண்ணாச்சி, சருகுல கெடக்க கூட்டையெல்லாம் எறும்பு அரிக்குது. என்ன செய்ய?"

கூட்டை ஒவ்வொன்றாக உள்ளே வைக்கக் காகிதக் குழாய்கள் கொடுத்தேன். ஒரு பக்கம் களிமண் அடைப்பு, மறுபக்கம் பஞ்சு. "இறுக்கமா இருந்தாத்தான் பத்திரம், துரை. மருந்தே அப்படித்தான்" என்றேன். எங்கள் ஊரில் குழாய் விஷயத்தில் குழாய்க்காரன் பேச்சை யாரும் தட்டுவதில்லை.

கூட்டை விட்டு வந்த பூச்சி எதையாவது பற்றித் தொங்கி, கசங்கிய இறக்கையை விரித்துக் காயவைக்க வேண்டும். குழாயில் அதற்கு இடமில்லை. வந்ததெல்லாம், நனைந்து காய்ந்த லேபிள் போன்ற இறக்கையோடு தரையில் நடந்தன.

தெரியாமல் நடந்தது என்கிறது தெரு. வெள்ளைத்துரைகூட, "நீங்க என்ன செய்வீக அண்ணாச்சி, எறும்புட்ட இருந்து காப்பாத்துனீகளே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் எங்கள் தொழிலில் சோதித்துப் பார்க்காமல் எந்தச் சரக்கும் லோடு ஏறாது. அவர் கேட்பதற்கு முன்பே, அவர் சருகிலிருந்து ஒரு கூட்டை எடுத்து வந்து என் அலமாரியில் குழாய்க்குள் வைத்துப் பார்த்திருந்தேன். அதுவும் பறக்கவில்லை, நடந்துதான் வந்தது. எறும்பும் தானாக வரவில்லை. சருகில் வெல்லப்பாகு ஊற்றியது நான்தான்.

முத்துச்செல்வி காலையிலேயே கிளம்ப ஆரம்பித்தாள். "பறக்க மாட்டாததுகளுக்குப் பஞ்சுல தேன் தொட்டு ஊட்டணும்ங்க. அண்ணன் ஒத்தையில என்ன செய்வாக?"

கடைசிப் பூச்சி முந்தாநாள் செத்தது. அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள், செடியடியைக் கூட்டிக்கொண்டிருப்பாள். அவள் அங்கே போனது பூச்சிக்காக மட்டும்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.